உள்ளே இருப்பவனைச் சொல்லும் மொழி

“அதுக்கப்புறம் என்ன செய்வான்?”

“பெல்லை அமுக்குவார், மேடம்.”

“அமுக்கிட்டு?”

“நிப்பார்.”

“எப்படி நிப்பான்? கையைக் கட்டிக்கிட்டா, கதவுல கையை வச்சுக்கிட்டா?”

“கதவுல வைக்க மாட்டார் மேடம். மைனஸ் நாப்பதுல இரும்பு. தோல் ஒட்டிக்கும்.”

“ஒரு தடவை வச்சுப் பாப்பான். ஒட்டுனதுக்கப்புறம்தான் தெரியும். எழுதுங்க.”

விசைப்பலகை கொஞ்ச நேரம் சத்தமிட்டு ஓய்ந்தது.

“கையைப் பிச்சு எடுப்பானா, மெதுவா எடுப்பானா?”

“ரெண்டுக்கும் தனித்தனியா பாதை போட்டுருதேன்.”

“போடுங்க. ரெண்டுலயும் வலி எவ்வளவுன்னும் போடுங்க. உங்க மொழியில அதுக்கு இடம் இருக்குல்லா?”

“என் மொழி இல்ல மேடம். நீங்க எடுத்த மொழி.”

“ஆமா. நான் எடுத்த மொழி.”

கொன்சீத்தா மொறாயிஸ் இதைத் திரும்பாமலே சொன்னாள். அவளுடைய நாற்காலி சுவரை அடைத்திருந்த பெரிய திரையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அவளுக்குப் பின்னால், சில மேசைகள் தள்ளி, ஆவுடையப்பன் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல ஒரு மனிதனை எழுதிக்கொண்டிருந்தார். குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மனிதன். அவளுடைய தம்பி ரெமிஜியூஸ்.

அந்த அறையில் அவளிடம் முதலில் பேச யாருக்கும் அனுமதி கிடையாது. வணக்கம் சொல்வதற்குக்கூட. அவள் கேட்டால் பதில் சொல்லலாம், கேட்டதற்கு மட்டும். இது சட்டம். ஏதாவது ஓர் இயந்திரம் ஒருவரைக் கொன்றுவிட்டால், அதன் அடுத்த பதிப்பை எந்தக் கணினி மொழியில் எழுதிச் சோதிப்பது என்று செத்தவரின் உறவினர் ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் உட்காரும் இடத்துக்கு இழந்தவர் இருக்கை என்று பெயர். முதல் சில வருடங்களில் பொறியாளர்கள் அந்த உறவினர்களைச் சுற்றி உட்கார்ந்து, இனிக்க இனிக்கப் பேசி, மலிவான மொழிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்தத் தடை வந்தது. நாற்காலியைத் திருப்பிப் போடுவது சட்டத்தில் இல்லை. தூத்துக்குடி சோதனைக்கூடத்தில் யாரோ ஆரம்பித்தது, வழக்கமாகிவிட்டது. முகம் பார்த்தால் இரக்கம் வரும் என்று நினைத்திருப்பார்கள். யாருக்கு யார்மேல் என்று கொன்சி பலமுறை யோசித்திருக்கிறாள்.

*

ரெமி துறைமுகச் சாலையில் உள்ள ஒரு மீன் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தான். உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் கம்பெனி. வெளியே வெயிலில் உப்பு குவிந்து கிடக்கும். உள்ளே இறால் பெட்டிகள் மேல் பனி படிந்து கிடக்கும். ரெண்டும் வெள்ளை, ரெண்டுக்கும் நடுவுல நான் என்று சிரிப்பான்.

குளிர் அறையின் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. முன்பு இருந்தது. அம்மோனியா கசிந்த ஒரு நாள் யாரோ பதறிப்போய்க் கதவைத் திறக்க, வெளியே இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் மூச்சடைத்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, யோசிக்கும் கதவுகளை வைத்தார்கள். உள்ளே இருப்பவர் மணியை அழுத்த வேண்டும். கதவு காற்றை முகர்ந்து பார்க்கும். அம்மோனியா இல்லை என்று வரிசையாகப் பல முறை உறுதியானதும் திறக்கும். அன்றைக்கு முகரும் கருவியில் உறைபனி படிந்திருந்தது. கதவு முகர்ந்தது, சந்தேகப்பட்டது, மறுபடி முகர்ந்தது.

விசாரணை ஆணையத்தில் ஆவுடையப்பன் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றது கொன்சிக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதவு செய்த நிறுவனத்தில் சோதனைப் பிரிவின் தலைவர். நெற்றியில் விபூதி, கையில் தண்ணீர்ப் புட்டி.

“மணி அடித்தால் கதவு திறக்குமா என்று சோதித்தீர்களா?” என்று வழக்கறிஞர் கேட்டார்.

“சோதிச்சோம் ஐயா. லட்சக்கணக்குல. ஆனா அதை மனுசங்க உக்காந்து எழுதலை. கதவு எப்படி நடந்துக்கணும்னு நாங்க ஒரு மாடல் எழுதுவோம். அந்த மாடல்லேருந்து சோதனையெல்லாம் கம்ப்யூட்டரே உண்டாக்கும். எல்லாத்துலயும் கதவு திறந்துச்சு.”

“ரெமிஜியூஸுக்குத் திறக்கவில்லையே?”

“திறந்துச்சு ஐயா. காலையில ஆள் வரும்போது திறந்துதான் கிடந்துச்சு.”

மண்டபத்தில் யாரோ செருமினார்கள்.

“எவ்வளவு நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்று சோதித்தீர்களா?”

“நாங்க எடுத்த மொழிக்குப் பேரு வட்டம். அதுல நிலைகளை வட்டமா போடலாம், ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு அம்பு போடலாம். மணி அடிச்சா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் கதவு திறக்கும்னு எழுதலாம். எவ்வளவு நேரத்துலன்னு எழுத அந்த மொழியில இடம் கிடையாது. மொழியில இல்லாதது சோதனையில வராது ஐயா.”

“உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்களா?”

ஆவுடையப்பன் தண்ணீர் குடித்தார். “மணி அடிக்கும்னு எழுதியிருந்தோம்.”

திறந்துதான் கிடந்துச்சு. அந்த ஒரு வாக்கியத்தைக் கொன்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாப்பிடும்போதும் கல்லூரியில் கணிதம் நடத்தும்போதும் அது காதில் ஓடியது. அடுத்த இரண்டு வருடங்களில் கதவுகளையும் லிஃப்டுகளையும் சோதிக்கப் பயன்படும் மாடல் மொழிகள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். வேறொரு காலத்தில் என்றால் அந்த மொழிகளின் அழகில் சொக்கிப்போயிருப்பாள். இப்போது ஒவ்வொரு மொழியிலும் அவள் தேடியது ஒன்றைத்தான். ஆவுடையப்பனுக்கு எதில் அதிகமாக வலிக்கும்.

இருக்கைக்கு உரிமை முதலில் ரெமியின் மனைவி சில்வியாவுக்குத்தான் வந்தது. “எனக்கு அதெல்லாம் புரியாது, மைனி பாக்கட்டும்” என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த வாரமே மீன் கம்பெனி கொடுத்த கருணை வேலையில் சேர்ந்தாள். புருசனைக் கொன்ற இடத்தில் பேக்கிங் செய்து சாப்பிடுகிறாள் என்று கொன்சி அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மொழி தேர்ந்தெடுக்கும் நாளன்று ஆணையத்தின் தொழில்நுட்ப உறுப்பினர் வசுமதி மூன்று மொழிகளை அவள் முன்னால் வைத்தார்.

“வட்டம் உங்களுக்குத் தெரியும். நாழி என்பது வட்டமும் கடிகாரமும். இத்தனை நிமிடத்துக்குள் கதவு திறக்கணும்னு அதுல எழுதலாம். மூணாவது ஆளுரு. கதவு, கடிகாரம், உள்ளே இருக்கிற ஆள், எல்லாத்தையும் அதுல எழுதலாம். அவர் உடம்பு, பயம், பழக்கம், அவர் என்ன நினைச்சுக்குவார்ங்கறது வரைக்கும். எங்க பரிந்துரை நாழி. ஒரு மாசத்துல சோதனை முடிஞ்சிரும்.”

“ஆளுருல எவ்வளவு நாளாகும்?”

“ஒரு ஆளை உள்ள வச்சா அவருக்கு நம்பிக்கை வரும், தூக்கம் வரும், கோபம் வரும். ஒவ்வொண்ணுக்கும் பாதை பிரியும். பிரிஞ்சது மறுபடி பிரியும். வருஷக்கணக்காகும்மா.”

“ஆனா முடியுமா?”

“என்னிக்காவது முடியும்.”

“அது போதும்,” என்றாள் கொன்சி. “பழைய மாடல்ல கையெழுத்து போட்டவரே புதுசையும் எழுதணும்னு சட்டம் இருக்குல்லா? சோதனை தேறுற வரைக்கும் அவர் வேலையை விட முடியாதுன்னும்?”

வசுமதி அவளை நிமிர்ந்து பார்த்தார். “இருக்கு. அதுவரைக்கும் பழைய கதவுகளும் அப்படியேதான் இருக்கும்மா. எல்லா மீன் கம்பெனியையும் மூட முடியாது. கதவுக்கு வெளியில ஒரு ஆளை நிறுத்தச் சொல்லியிருக்கோம்.”

“ஆள் நிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

*

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காலையில் கல்லூரி, மதியத்திலிருந்து நாற்காலி.

திரையில் சோதனைகள் புள்ளிகளாக விழுந்துகொண்டே இருக்கும். ஆள் உயிரோடு வெளியே வந்த சோதனை ஓட்டம் பச்சை. வராதது சிவப்பு. சிவப்பு கூடுதலாக விழும் நாட்களில் அவள் ஒன்றைச் சுட்டிக்காட்டுவாள்.

“இதைத் திறந்து வாசிங்க.”

ஆவுடையப்பன் வாசிப்பார். ஆள் மணியை அழுத்துகிறார். ஆள் காத்திருக்கிறார். விரல் நுனிகள் உணர்விழக்கின்றன. ஆள் மணியை முழங்கையால் அழுத்துகிறார். ஆள் கத்துகிறார்.

“என்ன கத்துதான்?”

“மாடல்ல சத்தம்னுதான் இருக்கு மேடம்.”

“அவன் எங்க பெரிய மாமாவை வச்சு ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவான். மாமா பேரு தொபியாஸ். சேத்துக்கோங்க.”

இப்படி ரெமியின் பழக்கங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பல்லிடுக்கில் விசிலடிப்பது. பயந்தால் கொட்டாவி விடுவது. கோயில் பாட்டின் இரண்டாம் அடியை எப்போதும் மறந்துவிட்டு முதலடியையே திரும்பப் பாடுவது. சட்டம் ஓர் ஆளைத்தான் கேட்டது. அவள் தன் தம்பியையே கொடுத்தாள்.

ஒரு நாள், தான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. தூரதேசத்துப் பனியில் சாகிறவர்களுக்குக் கடைசியில் கதகதப்பாக இருக்கும், பொத்தான்களைக் கழற்றுவார்கள் என்று அவற்றில் எழுதியிருப்பார்கள்.

“அது நெசமா, கதையில எழுதுறதா?” என்று கேட்டாள்.

“நெசம்தான் மேடம். ரெமிஜியூஸும் கோட்டை மடிச்சு பெட்டி மேல வச்சுட்டுத்தான்...” அவர் நிறுத்தினார். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

அவளுக்குத் தெரியாது. அந்தப் புகைப்படங்களை அவள் பார்க்கவில்லை. கோட்டை மடித்து வைத்தானா? வீட்டில் ஒரு துண்டைக்கூட மடிக்காதவன்.

“அதையும் எழுதுங்க,” என்றாள். “எழுதிட்டு வாசிங்க. மறுபடியும். இன்னொரு தடவை.”

மூன்றாம் தடவை அவர் குரல் உடைந்தது. அவளுக்கு அது இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது.

சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தபோது அவர் கம்பளிக் குல்லாவோடு வர ஆரம்பித்தார். திரையின் கரிய விளிம்பில் அவருடைய நிழல் தெரிந்தது.

“என்ன சார், மார்கழியா?”

“குளிருது மேடம்.”

“டாக்டரைப் பாத்தியளா?”

“பாத்தேன். உடம்புல ஒண்ணும் இல்லைன்னுட்டாவ.”

“நல்லது. நெறைய நாள் இருக்கணும்லா நீங்க.”

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் பச்சைப் புள்ளிகளைத் திறப்பாள். அதை யாருக்கும் சொன்னதில்லை. முழுவதையும் வாசிக்க மாட்டாள், கடைசி வரிகளை மட்டும். கதவு திறந்தது. ஆள் வெளியே. நடை தளர்வு. கை விறைப்பு. உயிர் உண்டு. அடுத்த பச்சை. கதவு திறந்தது. ஆள் விசிலடிக்கிறார். உயிர் உண்டு. அப்படி அடுத்தடுத்து, வேர்க்கடலை கொறிப்பதுபோல, மணி அடித்து ஆட்கள் திரும்பும்வரை.

*

மாறுதலை முதலில் ஒரு சிவப்பில்தான் கவனித்தாள். ஆவுடையப்பன் வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஆள் மணியை நோக்கிக் குதிக்கிறார். எட்டவில்லை. ஆள் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறுகிறார்...”

“நில்லுங்க. எதுக்குக் குதிக்கணும்? ரெமி ஆறடி.”

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

“கேக்கேன்லா. எதுக்குக் குதிக்கான்?”

“உயரம் பத்தாது மேடம்.”

அவள் திரையில் அந்த ஓட்டத்தின் தலைப்பைத் திறந்து பார்த்தாள். ஆளின் எடை பாதியாகியிருந்தது. கை சிறியதாகியிருந்தது. விசிலும் கொட்டாவியும் கோயில் பாட்டும் இல்லை. தம்பியைப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, இரண்டாவதாக ஓர் ஆளை எழுதியிருந்தார்கள்.

கொன்சி நாற்காலியைத் திருப்பினாள். அந்த அறையில் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை. விசாரணையில் பார்த்த மனிதர் அல்ல இவர். கம்பளிக் குல்லாவுக்குள் சுருங்கிப்போன ஒரு முகம். மற்ற பொறியாளர்கள் திரைகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள்.

“யாரை எழுதி வச்சிருக்கிய?”

“இப்ப உள்ள போறவங்களை.”

“பேரு?”

“சில்வியா மொறாயிஸ்.”

“அவ பேக்கிங்லதான் இருக்கா?”

“தை மாசத்துலேருந்து கோல்டு ரூம்ல.”

“எந்தக் கதவு?”

“அதே கதவு மேடம்.”

“தை மாசத்துலேருந்து தெரிஞ்சுக்கிட்டு ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலை.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. “எழுதத் தெரிஞ்சுதுல்லா உங்களுக்கு. நான் பாக்கணும்னுதானே எழுதுனிய. ஒரு பொம்பளையை முன்னால நிறுத்தி வச்சுத் தப்பிச்சுக்கிடலாம்னு பாக்கிய.”

ஆவுடையப்பன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“பதில் சொல்லுங்க.”

“கேள்வி என்னன்னு தெரியலை மேடம்.”

அதில் ஏளனம் இல்லை என்பதுதான் அவளை எழுந்து வெளியே போக வைத்தது.

*

மீன் கம்பெனி வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரம். உப்பளத்துக் காற்று கண்ணை எரித்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கடைசியாக சில்வியா வந்தாள். அந்த வெயிலில் முழங்கால் வரை தொங்கும் தடித்த நீலக் கோட்டு. புருவத்தில் இருந்த பனி உருகி, அழுததுபோல் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“மைனி. வெயில்ல நிக்கியளே. இங்கன வாங்க.” ஒன்றுமே நடக்காததுபோல டீக்கடைப் பந்தலுக்குக் கூட்டிப்போனாள். “அண்ணே, ரெண்டு டீ. ஒண்ணுல சீனி இல்லாம. மைனி சீனி சேக்க மாட்டாவ.”

“உன்னை எதுக்கு உள்ள அனுப்புதானுவ?”

“பேக்கிங்குக்கு மெஷின் வந்துட்டுல்லா. கருணையில வந்தவங்களை வெளிய அனுப்பக் கூடாதாம். அதான் உள்ள அனுப்பிட்டாவ.” சில்வியா சிரித்தாள். “ஆம்பளையாளுவ யாரும் போக மாட்டேங்காவ, அந்தக் கதவுன்னா.”

“நீயும் மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னா, வேலையை விட்டுட்டான்னு எழுதிருவாவ. பிள்ளையை நீங்க பாப்பியளா?”

கொன்சி டீயைத் தொடவில்லை. “அந்தாளு இங்க வந்தானா?”

“யாரு, ஆவுடையப்பன் சாரா? வந்தாரு. வந்து நின்னு என் உயரம் என்னன்னு கேக்காரு. எடை என்னன்னு கேக்காரு. பொண்ணு பாக்க வந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்புறம்தான் எதுக்குன்னு சொன்னாரு.”

“என் தம்பியைக் கொன்னவன் கூட நின்னு சிரிச்சியாக்கும்.”

“சிரிச்சேன் மைனி.” அவள் குரல் மாறவில்லை. “உங்ககூட சிரிக்க முடியலை. வாசல்ல வந்தா நீங்க கதவைச் சாத்துனிய.”

ஒரு லாரி புழுதி கிளப்பிப் போனது. அது அடங்கும்வரை இருவரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“போன வாரம் நானும் மாட்டிக்கிட்டேன்,” என்றாள் சில்வியா.

கொன்சி அவளைப் பார்த்தாள்.

“கதவு சாத்திட்டு. பெட்டி மேல ஏறி பெல்லை அமுக்குனேன். திறக்கலை. வெளிய நிக்க ஆளு என்ன செய்வாரு, பாவம். அவருகிட்டயும் சாவி கிடையாது. போன் போட்டுட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்காகப் பாட்டுப் படிக்காரு. அம்மா பயப்படாதம்மான்னு ராகம் போட்டு. அவ்வளவு மோசமான குரலு மைனி.”

“எப்படி வெளிய வந்த?”

“ஒரு தடவை அமுக்குனதோட கையை எடுத்துட்டேன். அப்புறம் அமுக்கலை. கையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு சும்மா நின்னேன். ஆவுடையப்பன் சார் சொல்லியிருந்தாருல்லா.”

“என்ன சொல்லியிருந்தான்?”

சில்வியா டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்ட சொல்லலையா?”

“நான் கேக்கலை.”

“பெல்லை அமுக்குற ஒவ்வொரு தடவையும், புதுசா ஒரு ஆள் கூப்பிடுதாருன்னு கதவு நினைச்சுக்கிடுமாம். அதுவரைக்கும் மோந்து பாத்ததை எல்லாம் விட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்குமாம். கதவை மட்டும் எழுதிப் பாத்தா அது தெரியாதாம். உள்ள ஒரு ஆளு இருக்கான், அவன் பயப்படுவான், பயந்தா திரும்பத் திரும்ப அமுக்குவான்னு நீங்க எழுதச் சொன்னதுனாலதான் தெரிஞ்சுதாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்க தம்பியும் அமுக்கிக்கிட்டே இருந்திருக்காரு மைனி. அவரு அமுக்குறதை விட்டதுக்கு அப்புறம்தான் அது திறந்திருக்கு.”

டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாலையில் வீசினார். அது விழுந்த இடத்தில் உடனே காய்ந்தது. பச்சைப் புள்ளிகளின் கடைசி வரிகளை மட்டும் வாசித்த தன் மதியங்களைக் கொன்சி நினைத்தாள். நடுவில் இருந்ததை ஒரு முறையாவது வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். தான் ஒரு கணக்கு வாத்தியார் வேறு. ஆவுடையப்பனுக்கும் தெரிந்திருக்கிறது. அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, அவள் கேட்பாள் கேட்பாள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அப்போதும் அவர்மேல் இரக்கம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இப்ப தெரிஞ்சுட்டுல்லா, சரி பண்ண வேண்டியதுதானே,” என்றாள்.

“புதுக் கதவுல சரி பண்ணிட்டாராம். ஆனா அது சோதனை தேறணும்லா. மாடலுக்கு உள்ள ஆளு இருக்கிற வரைக்கும் அது இப்போதைக்கு முடியாதாம். கடிகாரம் மட்டும் போதும்னு நீங்க மொழியை மாத்துனா தீபாவளிக்குள்ள எல்லாக் கதவையும் மாத்திருவாங்களாம்.”

“அந்தாளு வீட்டுக்குப் போயிருவான். வேலையை விட்டுட்டு, குல்லாவைக் கழட்டிட்டு, பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கிட்டு இருப்பான்.”

“போட்டும்.”

“உனக்கு ஆத்திரமே வராதா சில்வியா?”

“வரும். உள்ள நிக்கும்போது வரும். அப்ப கொஞ்சம் கதகதன்னு இருக்கும். அது நல்லதுக்கில்லைன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு, கோட்டைக் கழட்டத் தோணுமாம்.” அதைச் சொல்லிவிட்டுப் பந்தலுக்கு வெளியே பார்த்தாள்.

கொன்சி குரலைத் தாழ்த்தினாள். “மொழியை மாத்துனா இதுவரைக்கும் எழுதுனதை எல்லாம் அழிச்சிருவாவ. ஒரு கதவுக்கு ஒரு மாடல்தான். சட்டம் அப்படி.”

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது. அதுல அவன் இருக்கான். நான் ஒண்ணு ஒண்ணா சொல்லிச் சொல்லி எழுதியிருக்கேன். அவன் விசிலு, கொட்டாவி, எல்லாம். சிவப்புல சாகுதான், சரி. பச்சையில எல்லாம் வெளிய வாறான் சில்வியா. நெதமும் வாறான். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

சில்வியா கன்னத்தில் வழிந்ததைக் கோட்டின் கையால் துடைத்தாள். அது உருகிய பனிதானா என்று கொன்சிக்குத் தெரியவில்லை.

“வெளிய வந்து என்ன சொல்லுதாரு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டான். வெளிய வந்ததோட அந்த ஓட்டம் முடிஞ்சிரும்.”

“என்னைத் தேடலையா?”

“அதுக்கு மேல எழுதலை.”

உள்ளே சங்கு ஊதியது. இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் குறைவு என்று வாசலில் யாரோ சில்வியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மிச்ச டீயை ஒரே வாயில் குடித்துவிட்டு, கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட ஆரம்பித்தாள். கழுத்துப் பொத்தான் விறைத்த விரல்களுக்கு அகப்படவில்லை. கொன்சி கைநீட்டி அதைப் போட்டுவிட்டாள். அந்தக் கையை சில்வியா விடவில்லை.

“மைனி, உங்க தம்பி நம்மகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாரு. இனி அங்கன அவரைத் திரும்பத் திரும்ப உள்ள அனுப்பாதிய. கடிகாரமே போதும்னு ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு, அவரை அதுலேருந்து எடுத்துருங்க.”